இடது கையில் மூன்று புளியங்கொட்டை

செவ்வாய்க்கிழமை காலை என் வகுப்பு நடக்கும்போது யாராவது செல்போனை நோண்டினால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிள்ளைத்தாய்ச்சி என்றுகூடப் பார்க்க மாட்டேன். "அம்மா தாயே, அந்த ரீல்ஸா வந்து உனக்குப் பிரசவம் பாக்கப் போகுது?" என்று கேட்டுவிடுவேன். பக்கத்தில் இருப்பவள் சிரிப்பாள். சிரித்தவளிடம் அடுத்த கேள்வியைக் கேட்பேன். என் வகுப்பு இப்படித்தான் ஓடும்.

நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊர் வாயில் நர்ஸம்மா, டவுனில் படித்துவிட்டு வந்த மருமகள்கள் வாயில் சிஸ்டர். சமயநல்லூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, கண்மாய்க் கரையை ஒட்டி என் துணை சுகாதார நிலையம். இரண்டு அறை, ஒரு கட்டில், எடை மெஷின், பிரஷர் பார்க்கும் கருவி, ஒரு ஜமுக்காளம். செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருவார்கள். எடையும் பிரஷரும் பார்த்து, மாத்திரையைக் கொடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி நாலு வார்த்தை சொன்னால் என் கடமை முடிந்தது. அந்த நாலு வார்த்தையை முக்கால் மணி நேரமாக இழுத்து வகுப்பாக்கியது நான்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

படத்தைக் காட்டிப் பேசினால் தூங்கிவிடுவார்கள் என்று நானே நடித்துக் காட்டுவேன். வலி வந்தால் எப்படி மூச்சு விடவேண்டும், தரையில் படுத்திருந்து எப்படி ஒருக்களித்துக் கையை ஊன்றி எழுந்திருக்கவேண்டும் எல்லாம் செய்து காட்டுவேன். ஐம்பதை நெருங்கும் பொம்பளை ஜமுக்காளத்தில் உருண்டு எழுந்திருப்பதைப் பார்க்க ஜன்னலோரம் ஆடு மேய்க்கிறவர்கள்கூட நிற்பார்கள். சத்து மாத்திரை வாந்தி வருகிறது என்று குப்பைமேட்டில் கொட்டியவளை எழுப்பி நிறுத்தி, "அந்தக் குப்பைமேட்டுக்குத்தான் இப்ப ரத்தம் ஊறியிருக்கும், உனக்கு இல்ல" என்பேன். அடுத்த வாரம் அவள் மாத்திரை அட்டையைக் காலியாகக் கொண்டுவந்து காட்டுவாள். என் வட்டாரத்தில் மற்ற நர்ஸ்மார்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்ப்பது எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுப் போகட்டும்.

வகுப்பில் எல்லாவற்றையும்விட நான் அதிகம் கத்துவது ஒரு விஷயத்துக்குத்தான். வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ணுவது. ஏழு மாதம் தாண்டியவள் தினமும் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்து எண்ணவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்துவிட்டால் எழுந்து வேலையைப் பார்க்கலாம். வராவிட்டால் தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு, மறுபடி படுத்து எண்ணவேண்டும். அப்போதும் குறைந்தால் கிளம்பிவிட வேண்டும். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு.

"யாரைக் கேட்டுட்டுக் கெளம்பணும்?" என்று கேட்பேன்.

முதல் தடவை வருகிறவள் மாமியாரை என்பாள், வீட்டுக்காரரை என்பாள். கொஞ்சம் கெட்டிக்காரி, "உங்களைக் கேட்டுட்டு சிஸ்டர்" என்பாள்.

"என்னையும் கேக்காத" என்று மேசையைத் தட்டுவேன். "யாரையும் கேக்காத, என்னையும் கேக்காத. கெளம்பு."

அப்படி மேசையைத் தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் மாற்றலாகி வந்த புதிதில், என் பொறுப்பில் இருந்த ஒருத்தி பிள்ளை அசையவில்லை என்று எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். நான் ஆய்வுக் கூட்டத்தில் இருந்தேன், போன் பைக்குள் ஊமையாகக் கிடந்தது. நர்ஸம்மா திருப்பிக் கூப்பிடுவார் என்று அவள் சாயங்காலம் வரை காத்திருந்தாள். அவ்வளவு நம்பிக்கை என்மேல். நான் கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்றைக்கும் கடைவீதியில் பார்த்தால் சிரிப்பாள், எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியாது.

எண்ணச் சொன்னால் எண்ணிவிடுவார்களா? நாலுவரை எண்ணுவதற்குள் குக்கர் விசில் வரும், வாசலில் காய்கறி வண்டி வரும், எண்ணிக்கை போய்விடும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். படுக்கும்போது இடது கையில் பத்துக் கண்ணாடி வளையல். ஒரு அசைவுக்கு ஒரு வளையலைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொள். குக்கரை இறக்கிவிட்டு வந்தாலும் கணக்கு கையிலேயே இருக்கும். இதைச் சொன்ன அன்று பெண்கள் எல்லாரும் நல்ல யோசனை சிஸ்டர் என்றார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவனியாபுரத்துக்காரி, அப்பா லேத் பட்டறை வைத்திருப்பவர். இங்கே வயலும் வரப்புமாக இருக்கும் ஒரு சம்சாரி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தாள். முதல் பிள்ளை. வகுப்பில் கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். நான் என்ன நடித்தாலும் சிரிக்க மாட்டாள், என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "ஏ புள்ள, வாயை எங்கயும் அடகு வச்சிட்டு வந்திருக்கியா?" என்று கேட்டேன். அதற்கும் தலையை ஆட்டினாள். இவள் தலையில் எதுவும் ஏறவில்லை என்றுதான் நான் முடிவு கட்டியிருந்தேன்.

வளையல் பாடம் நடத்தி நாலு நாள்கூட ஆகவில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும்போதே அவளுடைய மாமியார் வாசலில் நின்றார். வரப்பிலிருந்து நேராக வந்தவர் போலிருந்தது, சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார்.

"நர்ஸம்மா, நீங்க படிச்சவுக. ஒரு கேள்வி கேக்குறேன், பதில் சொல்லுங்க. வயித்துப்புள்ளக்காரி கையை மூளியாக்கிட்டுப் படுக்கலாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "யாரு மூளியாக்கினது?"

"எம் மருமகதான். மத்தியானம் கஞ்சியக் குடிச்சிட்டுப் படுக்குறா. ஒவ்வொரு வளையலா கழட்டுறா. எந்திரிக்கும்போது பாத்தா இடது கை வெறுங்கையா கெடக்கு. என்னத்தா இதுன்னு கேட்டா, நர்ஸம்மா சொன்னாகங்கிறா. எம் மகன் நல்லா இருக்கும்போது எதுக்கு இந்தக் கோலம்? தெனமும் ஒரு நேரம் மூளிக்கையா படுக்கணும்னு எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை நன்றாக உதைக்க உதைக்க, தாயின் இடது கை வெறுமையாகிக்கொண்டே போகும். பத்தும் வந்து நான் சபாஷ் சொல்லவேண்டிய நேரத்தில், வீட்டில் உள்ளவர்கள் கண்ணில் அது மூளிக்கை. நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தானே? என் கையில் ஒரு வளையல் உடைந்தால் என் அம்மா அடுத்ததை மாட்டிவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பார். அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. எரிச்சலை வெளியே காட்ட முடியாது. பெரியம்மா, அத்தை, சித்தி என்று தெருவில் இருக்கிற அத்தனை மாமியாரும் பின்னால் திரண்டுவிட்டால், மறு செவ்வாய்க்கிழமை ஜமுக்காளத்தில் நான் மட்டும்தான் உருளவேண்டும்.

"அக்கா, தப்பு என்மேலதான்" என்றேன். "வளையல் வேணாம். உங்க வீட்டுல புளி தட்டுனீங்கல்ல, கொட்டை கெடக்குதா?"

"சாக்குல கெடக்கு."

"அதுல பத்து எடுத்துக் குடுங்க. ஒரு கிண்ணத்துலருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாத்தட்டும். கை நெறைய வளையல் அப்படியே இருக்கட்டும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முகம் முழுசாகத் தெளியவில்லை என்று நான் இன்னும் கொஞ்சம் நெய் வார்த்தேன். "வளையலை நான் ஏன்க்கா வேணாங்கப் போறேன்? வளையல் சத்தம் உள்ள இருக்கிற புள்ளைக்கு அம்புட்டும் கேக்கும். கேட்டுக்கிட்டு அப்படியே அமைதியாகிரும். அதுக்குத்தான நம்ம ஆளுக வளைகாப்பே வச்சாக."

முதல் பாதி உண்மை. அந்த மாதங்களில் பிள்ளைக்குக் காது கேட்கும். அமைதியாகிவிடும் என்பது நானாக ஒட்டவைத்தது. மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க" என்றார். போகும்போது, ஒன்பதாம் மாதம் வளைகாப்புக்கு நீங்கதான் வந்து கையில போட்டுவிடணும் என்று அழைப்பும் வைத்துவிட்டார். சண்டைக்கு வந்தவரைச் சம்பந்தியாக்கி அனுப்பிவிட்டேன் என்று நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லாருக்கும் பத்துப் பத்துப் புளியங்கொட்டை. மதுரை டவுனுக்குள் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் குடிவந்த ஒரு முஸ்லிம் பெண் மட்டும், "எனக்கு வேணாம் சிஸ்டர், வீட்டுல ஓதுறதுக்கு தஸ்பீஹ் மணிமாலை இருக்கு, அதுலயே தள்ளிக்கிறேன்" என்றாள். அது இன்னும் நல்லது என்றேன். அவனியாபுரத்துக்காரி கொட்டைகளை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

சில வாரம் கழித்து, எண்ணுகிறாளா இல்லையா என்று சோதிக்க, "கொட்டை எங்க புள்ள?" என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து சிறிய சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்தாள். பத்தும் இருந்தன. தினமும் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தன. மற்றவர்கள் கொட்டை சொரசொரவென்று வாங்கியபடியே இருந்தது. இவளைப் பற்றி நினைத்ததைக் கொஞ்சம் திருத்தவேண்டும் என்று மட்டும் தோன்றியது.

வளைகாப்பு அன்று நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். வீட்டு முன்னால் பந்தல். அவனியாபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் சீர்த்தட்டோடு வந்து இறங்கியிருந்தார்கள். சடங்கு முடிந்து அதே வேனில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று அண்டா அண்டாவாக மணத்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்காரவைத்து, "இவுகதான் எங்க நர்ஸம்மா" என்று சம்பந்தியம்மாவிடம் அறிமுகம் செய்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெண்ணை மணையில் உட்காரவைத்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை. நாத்தனார் முதலில் வலது கையில் போட்டாள். பிறகு அத்தைமார், சித்திமார். வலது கை முழங்கை வரை நிறைந்துவிட்டது. இடது கையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று எல்லாரும் கேலி செய்தார்கள்.

என் முறை வந்தது. கன்னத்தில் சந்தனம் தடவிவிட்டு இடது கையை எடுத்தேன். முஷ்டியாக மூடியிருந்தாள்.

"கையை ஒடுக்கு புள்ள, வளையல் ஏறணும்ல?"

அவள் ஒடுக்கவில்லை. மெதுவாக விரித்தாள். உள்ளங்கையில் மூன்று புளியங்கொட்டை. வியர்வையில் நனைந்திருந்தன.

"காலையில சாப்புட்டுப் படுத்தேன் சிஸ்டர். மூணுதான்" என்றாள். வகுப்பில் அவள் குரலையே நான் சரியாகக் கேட்டதில்லை. கட்டையான, நிதானமான குரல். "தண்ணி குடிச்சு, இட்லி சாப்புட்டு மறுபடி படுத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல."

பக்கத்தில் குங்குமச் சிமிழோடு நின்ற மாமியாருக்குக் கேட்டுவிட்டது. "காலையிலயே எங்கிட்டச் சொன்னா நர்ஸம்மா. நாந்தான் பயப்படாதத்தான்னேன். வீடு பூரா வளையலும் கையுமா பொம்பளைக நடமாடுறாக, புள்ள கேட்டுக்கிட்டு அமைதியா இருக்கு. நீங்கதான சொன்னீக?"

என் கையில் பச்சை நிற வளையல் இருந்தது. என்னைச் சுற்றி நாற்பது பெண்கள். நான் பேசவேண்டிய நேரம் அது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது: நான் தயங்கினேன். இத்தனை பேர் முன்னால் என் வாயால் வந்த பொய்யை எப்படிப் பொய் என்று சொல்வது? காலையிலிருந்து அலங்காரம், பரபரப்பு, சரியாகப் படுத்து எண்ணியிருப்பாளோ மாட்டாளோ? என் மனசு எனக்கு வசதியான காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது.

"இந்தக் கையிலயும் போட்டு முடிச்சிரட்டும். ஒரு பத்து நிமிசம். அப்புறம் உள்ள படு, நானே பாக்குறேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சிஸ்டர். என்னையும் கேக்காதன்னு சொன்னீங்கல்ல?"

சொல்லிவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துக் கையை ஊன்றி, நான் ஜமுக்காளத்தில் உருண்டு கற்றுக்கொடுத்த மாதிரியே எழுந்து நின்றாள். மாலையைக் கழற்றி மணையில் வைத்தாள். "அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். யாராச்சும் கூட வாங்க" என்றாள்.

பந்தலில் இரைச்சல் எழும்பியது. நல்ல நேரம் முடியவில்லை என்றது ஒரு குரல். பாதிச் சடங்கில் படி இறங்கக்கூடாது என்றது இன்னொன்று. அவளுடைய அம்மா அழ ஆரம்பித்தார். மாமியார் என்னைத்தான் பார்த்தார். "நர்ஸம்மா, என்ன இது? நீங்க சொன்னது நெசந்தான?"

"இல்லக்கா" என்றேன். "நெசமில்ல. அன்னைக்கு உங்களச் சமாதானப்படுத்த நானா சேத்துச் சொன்னது. வளையல் சத்தத்துக்குப் புள்ள இம்புட்டு நேரம் அசையாம இருக்காது. அவ சொல்றதுதான் சரி."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. குங்குமச் சிமிழ் கையிலிருந்து விழுந்தது. "ஏ, வேனை எடுக்கச் சொல்லுங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பந்தலே அடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர் கைகூடக் கழுவாமல் ஓடினார். வாசலில் யாரோ குறுக்கே நின்று சகுனம் பற்றிப் பேச வாயெடுத்தார். மாமியார் அவரைத் தோளால் தள்ளிவிட்டு மருமகளின் இடுப்பைப் பிடித்து வேனில் ஏற்றினார்.

நான், அவள், அவள் அம்மா, மாமியார், கூட இறக்க மறந்துபோன நாலு சீர்த்தட்டு. வேன் திண்டுக்கல் சாலையில் பறந்தது. அவளை இடது பக்கமாகப் படுக்கவைத்து நான் போனில் ஆஸ்பத்திரியில் தெரிந்த நர்ஸுக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். விளாங்குடி தாண்டியபோது அவள், "ஒண்ணு வந்துச்சு சிஸ்டர், லேசா" என்றாள். அவள் வாய்க்குள் நாலு என்று சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. ஊர்க் கோயில் சாமியையெல்லாம் நான் வரிசையாகக் கும்பிட்டேன். கடைவீதியில் சிரிக்கும் அந்தப் பெண்ணின் முகம் வந்து வந்து போனது.

ஆஸ்பத்திரியில் அவள் வயிற்றில் பெல்ட்டைக் கட்டிப் பிள்ளையின் துடிப்பைப் பார்த்தார்கள். டாக்டரம்மா அந்தக் காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, பனிக்குடத் தண்ணீர் குறைந்திருக்கிறது, துடிப்பும் சரியில்லை, உடனே எடுத்துவிடலாம் என்றார். கையெழுத்து வாங்கினார்கள். பச்சை உடுப்பில் ஒரு பெண் வந்து, "வளையலெல்லாம் கழட்டணும், ஒண்ணுகூட இருக்கக்கூடாது" என்றாள்.

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மருமகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சோப்புத் தண்ணீர் வாங்கி, வலது கையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வளையலாக அவரே உருவினார். சில உடைந்தன. தன் விரலில் கண்ணாடி கீறியதைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி உருவினார். இரண்டு கையும் முழுசாக வெறுமையாகும் வரை நிறுத்தவில்லை.

"வளையலுக்கா பஞ்சம்?" என்றார் யாரிடமோ. "நீ புள்ளையோட வாத்தா. நான் கை கொள்ளாமப் போட்டுவிடுறேன்."

ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. நாங்கள் மூன்று பேரும் வராந்தாவில் நின்றோம். எத்தனையோ பிரசவம் பார்த்தவள் நான், அந்தக் கதவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கதவு திறந்து, பெண் குழந்தை என்றார்கள். அழ வைக்கச் சிரமப்பட்டதாகவும், மூச்சுக்கு உதவி கொடுத்துப் பச்சிளம் குழந்தைகள் வார்டில் வைத்திருப்பதாகவும் சொன்னார்கள். சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் தாமதிச்சிருந்தா எதுவும் சொல்ல முடியாது. யார் கவனிச்சது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தானே நான் இத்தனை வருஷமாகக் கத்துகிறேன்? மாமியாரும் அவள் அம்மாவும் என்னைக் காட்டினார்கள்.

"நான் இல்ல மேடம்" என்றேன். "நான் பத்து நிமிசம் கழிச்சுப் பாக்கலாம்னேன். அவதான் எந்திரிச்சு வந்தா."

பிள்ளை ஐந்தாம் நாள் தாயிடம் வந்து பால் குடித்தது. அதைக் கேட்டபிறகுதான் நான் வீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் நான் நடிக்கவில்லை. மாமியாரைச் சமாதானப்படுத்த நான் சொன்ன பொய்யையும், பந்தலில் நான் தயங்கியதையும், அந்தப் பெண் என் பேச்சைத் தட்டிவிட்டு எழுந்ததையும் அப்படியே சொன்னேன். செல்போனை யாரும் நோண்டவில்லை. இப்படி உட்கார்ந்து என் தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தபோதும் உள்ளுக்குள் எனக்குப் பெருமை பொங்கியது என்றால் நம்புவீர்களா? என் வகுப்பில் வாயே திறக்காதவள், என் பாடத்தை என்னைவிட ஒழுங்காகப் படித்திருந்தாள். வாத்தியாரே தடம் மாறியபோதும் அவள் மாறவில்லை. எந்த மேலதிகாரி தரும் பாராட்டுக் கடிதமும் இதற்கு ஈடாகாது. நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

மூன்று மாதம் முடிந்து தாய்வீட்டிலிருந்து அவளை அழைத்துவந்த வாரம், மாமியாரே அவளைக் கூட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார். பிள்ளையை மாமியார்தான் வைத்திருந்தார். மருமகளின் இரண்டு கையிலும் சொன்னபடியே கை கொள்ளாத வளையல். அவள் சில்வர் டப்பாவை எடுத்து என் மேசையில் வைத்தாள். உள்ளே கொட்டைகள்.

"மூணு அன்னைக்குக் கையில இருந்தது சிஸ்டர். ஒண்ணு வேன்ல வந்துச்சு" என்றாள். பிறகு நான் அதுவரை பார்த்தே இராத விதமாகச் சிரித்தாள். "மிச்சம் ஆறையும் இப்ப வெளிய வந்து உதைச்சுத் தீக்கிறா. ஒரு துணி மேல நிக்க மாட்டேங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். டப்பாவை, அன்றைக்குத்தான் முதல் தடவை வந்திருந்த ஒரு பெண்ணிடம் நீட்டினேன். விளாங்குடியிலிருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்த எட்டு மாதக்காரி, பயந்த கண்கள். எண்ணும் விதத்தைச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "கொறைஞ்சா முதல்ல உங்களுக்குப் போன் பண்ணட்டுமா சிஸ்டர்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. மடியில் பேத்தியை வைத்துக்கொண்டு மாமியார் கையை வீசினார்.

"போனு கீனுன்னு நிக்காதத்தா. கெளம்பிரு. மாமியாளையும் கேக்காத, இவுகளையும் கேக்காத."

என் வகுப்பில் குறுக்கே பேசினால் எனக்கு எவ்வளவு கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெண் டப்பாவைத் திறந்து பத்தும் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் வரை காத்திருந்து, பிறகு அடுத்தவளின் எடையைப் பார்க்க எழுந்தேன்.